தோற்பதற்குத் திட்டம் போட்ட சுண்ணாம்பு மாஸ்டர்

ஆம்பூரில் தோற்றவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. தேர்தலில் தோற்றவர்கள், வியாபாரத்தில் தோற்றவர்கள், வீட்டில் தினமும் தோற்கிறவர்கள் என்று தெருவுக்குப் பத்துப் பேராவது தேறுவார்கள். ஆனால் தோற்பதற்கென்றே உட்கார்ந்து யோசித்து, ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு வருஷம் முழுக்க ஒழுங்காகத் தோற்றுக் காட்டிய ஒரே மனிதர் எங்கள் சுண்ணாம்பு மாஸ்டர்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்டு முடியைக் கழற்றுவார்களே, அந்தப் பகுதிக்கு அவர் சூப்பர்வைசர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நெற்றி நிறைய விபூதி, கையெல்லாம் சுண்ணாம்பு அரித்த வெடிப்பு, காலில் எப்போதும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.

அந்த பூட்ஸோடுதான் அவர் எங்கள் கம்பெனியின் பாஸ்கெட்பால் டீமுக்குக் கோச்சாகவும் இருந்தார். இத்தனைக்கும் பந்தை வளையத்துக்குள் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. முன்பிருந்த கோச் துபாய்க்குப் போனபோது எங்கள் முதலாளி ஹாஜியார், "விசில் ஊதத் தெரிஞ்சவங்க யாருப்பா இருக்கீங்க?" என்று கேட்டார். தொட்டிகளுக்கு நடுவே ஆட்களை விசிலடித்தே மேய்த்துக்கொண்டிருந்தவர் மாஸ்டர் ஒருவர்தான். கேள்வி அதோடு முடிந்துவிட்டது.

அவர் கோச்சிங்கே தனி ரகம். ஒருவன் பந்தைத் தவறவிட்டால், "ஊறல் பத்தலடா" என்பார். மூச்சு வாங்கினால், "தண்ணி மாத்தணும்" என்பார். பக்கத்துக் கம்பெனிக் கோச்சுகள் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கிக்கொண்டிருக்கும்போது எங்கள் ஆட்கள் சுண்ணாம்புப் பாடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஊர்க் கம்பெனிகளுக்குள் அப்போது வருஷா வருஷம் ஒரு கப் நடக்கும். எந்த அணியிலும் பெரிய ஆள் கிடையாது. பணக்காரக் கம்பெனியே நல்ல ஆட்களை எல்லாம் வாரிக்கொண்டு போகக் கூடாது என்று முதலாளிகள் கூடி ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பள்ளிப் படிப்பு முடித்து வரும் ஆட்டக்காரர்களில் யாருக்கு வேலை கொடுப்பது என்று முதலில் கை நீட்டும் உரிமை, அந்த வருஷம் கடைசியாக வந்த கம்பெனிக்கு. வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்க வந்த வியாபாரி ஒருவர், எங்கள் நாட்டில் இப்படித்தான் செய்வோம் என்று பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன யோசனையாம். அவர் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார், வினை எங்களுக்கு வந்தது.

எங்கள் டீமின் கேப்டன் ஆரோக்கியராஜ். ஐந்து பேருமே கேஷுவல் தொழிலாளிகள். கேஷுவல் என்றால் யார் எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் போக வேண்டும். பர்மனென்ட் ஆட்கள் எட்டிப் பார்க்காத கழிவுத் தொட்டிக்குள் இறங்கச் சொன்னாலும் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆரோக்கியராஜுக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தவரின் மகள் ஸ்டெல்லாவை அவன் விரும்பினான். மாப்பிள்ளை பர்மனென்ட் ஆனால்தான் பெண் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். ஹாஜியாரோ, "கப்ப கொண்டாங்க. ஃபைனல்ல ஆடுற அஞ்சு பேரயும் பர்மனென்ட் பண்றேன்" என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார். ஆக ஆரோக்கியராஜின் வாழ்க்கை அந்த வளையத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து மாஸ்டர் ஜோலார்பேட்டைக்கு ஒரு கருமாதிக்குப் போனார். போன இடத்தில் ரயில்வே கிரவுண்டில் பழனியைப் பார்த்துவிட்டார். தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் மகன். பள்ளி முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. வாசலில் குனிந்துதான் நுழைவான், வளையத்தை எட்டித் தொடுவான். மாஸ்டர் கருமாதிச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டுத் திரும்பி வந்து டீமைக் கூட்டினார்.

"இந்த வருஷம் நாம கடைசி வர்றோம்" என்றார்.

"எப்பவும் அப்டித்தானே மாஸ்டர்" என்றான் ஒருவன்.

"போன வருஷம் மூணாவது வந்தோம்டா. அது எதுக்கும் ஒதவாது. கப்பும் இல்ல, ஆளும் இல்ல. இந்த வருஷம் சுத்தமா கடைசி. அடுத்த வருஷம் அந்த நெட்டையன் நம்ம ஆளு. அப்பறம் கப்ப எவன் தடுப்பான்?"

ஆரோக்கியராஜ் மட்டும் சிரிக்கவில்லை. "மாஸ்டர், ஸ்டெல்லா அப்பா ஜாஸ்தி நாள் காத்திருக்க மாட்டாரு."

"ராஜு, தோல சுண்ணாம்புல போட்டதும் இன்னா ஆவுது? வீங்குது, நாறுது, முடி கொட்டுது. பாக்கறவன் கெட்டுப் போச்சுன்னுதான் நெனைப்பான். அப்பறம்தான் அது லெதர். ஒரே ஒரு வருஷம் ஊறுடா. உன்ன நான் பர்மனென்ட் ஆக்கறேன்."

அவர் மேல் அவனுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அம்மா செத்த நாளிலிருந்து அவனுக்குத் தினமும் டிபன் கேரியரில் சோறு கொண்டுவந்து கொடுத்த மனிதர் அவர். சரி என்று தலையாட்டினான்.

பிறகு நடந்தது பயிற்சி. ஜெயிக்கப் பயிற்சி எடுக்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஆட்கள் பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு, வருத்தத்தோடு வெளியே விழுவதற்குப் பயிற்சி எடுத்தார்கள். ரொம்ப வெளியே போனால் சந்தேகம் வரும் என்று மாஸ்டர் பூட்ஸ் காலால் கோடு போட்டுக் காட்டினார். தவறவிட்ட பிறகு தலையில் அடித்துக்கொள்வதற்குத் தனி வகுப்பு நடந்தது. ஒருவன் அதில் அளவுக்கு மீறித் தேறி அழவே ஆரம்பித்தான். அவனைக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொன்னார்.

இதில் ஒரு விஷயத்தை மாஸ்டர் மறந்துவிட்டார். ஜோலார்பேட்டைக்கு மற்றவர்களும் ரயிலில் போவார்கள். ஆற்றங்கரைக் கம்பெனிக்காரர்களும் பழனியைப் பார்த்திருந்தார்கள். கடைசி இடம் யாருக்கு என்று முடிவாக வேண்டிய ஆட்டத்தில் நாங்களும் அவர்களும் மோதினோம். மோதினோம் என்பது சும்மா பேச்சுக்கு. பந்தை எங்கள் ஆள் அவர்களுக்குக் கொடுப்பான். அவர்கள் பதறிப்போய்த் திருப்பிக் கொடுப்பார்கள். பந்து நடுவில் அனாதையாக உருண்டுகொண்டிருக்கும், பத்துப் பேரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். ரெஃப்ரியாக வந்திருந்த டிரில் வாத்தியார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னாங்கடா, ரெண்டு பேருமே விரதமா?" என்று கேட்டார்.

அன்றைக்கென்று ஸ்டெல்லாவின் அப்பா வேலூரிலிருந்து மாப்பிள்ளையைப் பார்க்க வந்திருந்தார். நான்தான் பக்கத்தில் உட்கார வைத்து சோடா வாங்கிக் கொடுத்தேன். ஆரோக்கியராஜுக்கு யாரும் மறிக்காமல் பந்து கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் விழுகிற இடம். எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தான், மாஸ்டர் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பந்து விளிம்பில் பட்டு, வருத்தத்தோடு வெளியே விழுந்தது.

"பக்கத்துல இருக்கறதயே கோட்டை விடறான். இவனா என் பொண்ணக் காப்பாத்தப் போறான்?" என்றார் அவர். சோடாவை முடிக்காமலே எழுந்து போனார்.

நாங்கள் வெற்றிகரமாகத் தோற்றோம். பழனி எங்களுக்குக் கிடைத்தான். மாஸ்டர் தொழிற்சாலை முழுக்க மிட்டாய் கொடுத்தார், திட்டம் ஊருக்கே தெரிந்துபோனது.

அந்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது. வழக்கம்போல கேஷுவல் ஆட்களைக் கூப்பிட்டார்கள். இறங்கிய ஒருவன் விஷவாயுவில் மயங்கி விழ, அவனைத் தூக்க ஆரோக்கியராஜ் குதித்தான். அவனைத் தூக்கி மேலே தள்ளிவிட்டு இவன் உள்ளே விழுந்தான். கயிறு கட்டி இழுத்தார்கள். உயிர் இருந்தது. நெஞ்சு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது பத்தடி நடந்தால் நின்று சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த வருஷமே கப்புக்காக ஆடியிருந்தால் ஜெயித்திருப்போமா என்று எனக்குத் தெரியாது. பெரும்பாலும் மாட்டோம். ஆனால் ஆடியிருக்கலாம். மாஸ்டரிடம் இதை யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சுண்ணாம்பு உதாரணம் சொல்லி நான் கேட்டதில்லை.

பழனி வந்தான். சொன்னபடி நெட்டையன்தான், தங்கமான ஆட்டக்காரன். ஆனால் மற்றவர்கள் ஒரு வருஷம் பழகிய பழக்கத்தை விடவில்லை. பந்து தரையில் உருண்டால் பாய வேண்டிய இடத்தில் மரியாதையாக நின்றார்கள். கையில் வந்தால் விளிம்பைக் குறி பார்த்தார்கள். தோலைச் சீவும் பகுதியிலிருந்த கிழவர் ஒருவர் பயிற்சியைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், தொட்டில ஜாஸ்தி நாள் போட்டுட்டீங்க. தோலு லூசாயிடுச்சு" என்றார். மாஸ்டர் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்படியும் பழனி ஒருவனே எங்களைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபைனலுக்குக் கொண்டுவந்து விட்டான். எதிரே ஆற்றங்கரைக் கம்பெனி. ஐந்தாவது ஆளாக யாரை இறக்குவது என்பதில்தான் பிரச்சினை. ஓடக்கூடிய பையன்கள் இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். மாஸ்டர் ஆரோக்கியராஜிடம் பனியனை நீட்டினார்.

"மாஸ்டர், என்னால முடியாது. நாலு பேரோட ஆடற மாதிரி ஆயிடும்" என்றான் அவன்.

"ஃபைனல்ல ஆடுற அஞ்சு பேருன்னுதான் ஹாஜியார் சொன்னாரு. ஓட வேணாம். உன் எடத்துல நில்லு."

நின்றான். எதிரணி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழனி செத்துச் செத்துப் பிழைத்து ஆடினான். முடியும் நேரத்தில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். மூன்று பேர் பழனியைச் சுற்றிக்கொண்டார்கள். அவன் வேறு வழியில்லாமல் பந்தை ஆரோக்கியராஜிடம் எறிந்தான். மறிக்க ஆளில்லை. போன வருஷம் வேண்டுமென்றே தவறவிட்ட அதே தூரம். இந்தத் தடவை அவன் மாஸ்டரைப் பார்க்கவில்லை. உடம்பில் இருந்த மூச்சையெல்லாம் கூட்டிப் போட்டான். பந்து வளையத்தின் மேல் ஏறி, சுற்றி, விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது.

விசில் ஊதிவிட்டது. ஆரோக்கியராஜ் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். கூட்டத்திலிருந்து ஒரு குரல் சிரித்தது. "இந்த வருஷமும் வேணும்னே உட்டுட்டானுங்கடா. இன்னும் உயரமா எவனயோ பாத்து வெச்சிருக்கானுங்க."

மைதானம் முழுக்கச் சிரித்தது. ஹாஜியாரே நம்பிவிட்டார். "போதும் மாஸ்டர், பேஜார் பண்ணாதீங்க. ஒரு வருஷம் தமாஷுன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மாஸ்டர் கோர்ட்டுக்குள் போய், இருமிக்கொண்டிருந்தவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். "நீ கரெக்டாதான் போட்டே ராஜு. ரிங்கு கோணல்" என்றார். ரிங் நேராகத்தான் இருந்தது.

தோற்றால் சாம்பியன் ஆகலாமா என்று இப்போதெல்லாம் டி.வி.யில் கோட்டு போட்டவர்கள் வாதாடுகிறார்கள். ஆகலாமோ என்னவோ. நெட்டையன் கிடைப்பான், அது உண்மை. ஆனால் ஒரு தடவை வேண்டுமென்றே தோற்றவன் பிறகு உயிரைக் கொடுத்துத் தோற்றாலும் ஊர் நம்பாது.

அடுத்த வாரம் மாஸ்டர் ஆபீசுக்கு வந்தார். ஹாஜியாரும் மேனேஜரும் இருந்தார்கள். நான் என் மேஜையில் இருந்தேன். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பர்மனென்ட் ஆள் வேலையை விட்டு நின்றால், தன் இடத்துக்குத் தன் வீட்டுப் பிள்ளை ஒருவனை வைத்துவிட்டுப் போகலாம்.

"ஹாஜியார், நான் நின்னுக்கறேன். என் எடத்துக்கு என் புள்ளைய வெச்சிட்டுப் போறேன்."

"இன்னும் சர்வீஸ் இருக்குதே மாஸ்டர். உங்களுக்கு ஏது புள்ள?"

"ஆரோக்கியராஜ்."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவன் கிறிஸ்டியன். நீங்க நெத்தி நெறைய விபூதி. எப்டி மாஸ்டர் புள்ளையாவான்?"

"ஞாயித்துக்கெழம மட்டும் சர்ச்சுக்குப் போய்ட்றான் சார். மத்த ஆறு நாளும் என் புள்ளதான்."

ஹாஜியார் பேனாவை மூடி வைத்தார். "வேணும்னே தோக்கறது உங்களுக்கு வியாதியாப் போச்சு."

"போன வருஷம் அவன தோக்க வெச்சேன் ஹாஜியார். அது தப்பு. இந்த வாட்டி நான் தோக்கறேன்."

ஹாஜியார் ஒத்துக்கொண்டார். அவன் நெஞ்சுக்குச் சுண்ணாம்பு ஆகாது என்று கேட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார், பர்மனென்டாக. ஆரோக்கியராஜ் முதலில் மாட்டேன் என்று முரண்டு பிடித்தான். "உனக்குக் குடுக்கலடா, ஸ்டெல்லாவுக்குக் குடுத்தேன்" என்று மாஸ்டர் அவன் வாயை அடைத்தார். கல்யாணம் நடந்தது. ஸ்டெல்லாவின் அப்பா புதுச் சட்டையில் ஓடியாடி எல்லாரையும் கவனித்தார். மாஸ்டர் சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாரும் எழுந்தபோது எழுந்து, மண்டியிட்டபோது முட்டி வலிக்க மண்டியிட்டார்.

அன்று மதியமே திருப்பத்தூரில் இருந்த தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பஸ் ஏற்றிவிட நான் போனேன். வாழ்நாள் முழுக்கத் தோலோடும் சுண்ணாம்போடும் கிடந்தவர். அந்த வாடை ஒரு குளியலில் போகிற வாடையா? அவர் உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து பின்னால் போய்விட்டார். மாஸ்டர் அதைக் கவனிக்காதவர் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஏறி அந்த சீட்டில் உட்கார்ந்தேன்.

"நீ எங்க வர்றே?"

"திருப்பத்தூர்ல கொஞ்சம் வேலை இருக்குது மாஸ்டர்."

திருப்பத்தூரில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. அவரைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை, அவ்வளவுதான்.