இருபத்தோராம் கட்டில்

மாம்பழக் கூடை டாக்டர் பிரசெர்ட்டின் மேசைக்கு வந்தது. கொண்டுவந்த பெண் கைகூப்பினாள்.

"டாக்டர் கிரிட் இல்லீங்களா?"

"இல்லை."

"அப்ப வெளியில இருக்கேன்."

கூடையோடு போய்விட்டாள். கூடை இருந்த இடத்தில் ஒரு மாவிலை கிடந்தது. பிரசெர்ட் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

வாங் ஆற்றங்கரை ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சை வார்டில் இருபத்தாறு வருடமாகப் பழம் அவர் மேசைக்குத்தான் வந்துகொண்டிருந்தது. கிரிட் பாங்காக்கிலிருந்து வந்து சேர்ந்தது போன மழைக்காலத்தில். இப்போது மாம்பழக் காலம்.

எல்லாம் ஒரு எண்ணால் வந்த வினை. குடலை வெட்டித் தைத்த மூன்றாம் நாள் கிரிட் சிலருக்கு மட்டும் ரத்தம் எடுத்து அனுப்புவார். உள்ளே அழற்சி இருந்தால் சி.ஆர்.பி. என்கிற எண் ஏறியிருக்கும். நூற்றைம்பதைத் தாண்டினால் தையல் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். காய்ச்சல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அப்படி நாலு பேர் பிழைத்திருந்தார்கள்.

மாம்பழப் பெண்ணின் அப்பா நாலாமவர். ஒன்பதாம் கட்டில். ரவுண்ட்ஸில் பிரசெர்ட் அவர் வயிற்றில் கை வைத்தார். அடுத்த கட்டிலுக்குப் போனார். திரும்பி வந்து இன்னொரு தரம் வைத்தார். நன்றாக இருக்கிறது என்று சொன்னார். மறுநாள் எண் நூற்று எழுபத்தொன்று.

"நான் தொட்டுப் பார்த்த வயிறு அது," என்றார் தலைமை நர்ஸ் ராத்ரீயிடம்.

"ஆமா சார்."

"ஒரு குப்பி ரத்தத்துக்கு என்ன தெரியும்?"

"எனக்கென்ன சார் தெரியும்."

அடுத்த மாதத்திலிருந்து காலை ரவுண்ட்ஸைக் கிரிட் நடத்தட்டுமே என்று இயக்குநர் ஜாடையாகச் சொல்லியிருந்தார். ரவுண்ட்ஸ் இல்லாத காலையில் மனிதன் என்ன செய்வான் என்று பிரசெர்ட்டுக்குத் தெரியவில்லை.

முதலில் நேர்வழியில் போனார். நாலாம் கட்டிலுக்கு ரத்த முடிவு வருவதற்கு முன்பே வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"இவருக்கு ஒண்ணுமில்லை. வீட்டுக்கு அனுப்புங்க."

முடிவு வந்தது. நாற்பது. அவர் வீட்டுக்குப் போனார். தரை துடைக்கும் புவா மனதாரப் பாராட்டினாள்.

"சாரும் எண் மாதிரியே கரெக்டா சொல்லிட்டார்."

அன்று பிரசெர்ட் மதியம் சாப்பிடவில்லை.

இரண்டாவதாக, எண்ணை அளவுக்கு மீறிப் பயன்படுத்தி அதன் மானத்தை வாங்குவது என்று முடிவு செய்தார்.

"நாளையிலேர்ந்து இருபது கட்டிலுக்கும் பாருங்க," என்றார் கிரிட்டிடம்.

"எல்லாருக்கும் வேண்டாமே சார்."

"ஏன், பயமா?"

"இல்லை சார். நீங்க..."

கிரிட் நிறுத்திக்கொண்டார். பெரியவர் முகத்துக்கு நேரே ஒரு வாக்கியத்தை முடிக்கிற வழக்கம் அங்கே இளையவர்களுக்குக் கிடையாது.

அறுவை முடிந்த முதலிரண்டு நாள் யாருக்கும் அந்த எண் எகிறித்தான் இருக்கும். பதின்மூன்று கட்டிலில் ஏறியிருந்தது. அதில் கிரிட்டும் குழம்பிப்போனார். பிரசெர்ட்டுக்கு அரை நாள் சந்தோஷம். பிறகு இயக்குநர் வந்து, சந்தேகம் தீரும்வரை யாரையும் அனுப்ப வேண்டாம் என்றார். உறவினர்கள் வராந்தாவில் பாய் விரித்தார்கள். ஒட்டரிசிச் சோறும் வறுத்த கோழியும் வார்டு வரை மணந்தன. அவசரப்பட்டு விரட்டாத டாக்டர் என்று கிரிட்டுக்குப் பெயர் வந்தது. அவர் மேசையில் பம்ப்ளிமாஸும் லிச்சியும் குவிந்தன. இடம் போதாமல் புவா மிச்சத்தைப் பிரசெர்ட்டின் மேசையில் வைத்தாள்.

"இது எனக்கா?"

"இல்லைங்க சார். சும்மா வெச்சிருக்கேன்."

வியாழக்கிழமை ரவுண்ட்ஸில் அவருக்கு வியர்த்தது. பன்னிரண்டாம் கட்டிலருகே தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டார். ஜன்னலருகே நின்று இன்னொரு தரம் வைத்துக்கொண்டார்.

"சாப்பிட்டீங்களா சார்?" என்றார் கிரிட்.

"கான்டீன் பப்பாளிச் சாலட். அதான்."

அன்றுதான் மூன்றாவது யோசனை வந்தது. இல்லாத நோயாளி ஒருவனை உண்டாக்க வேண்டும். அவன் பெயரில் ஆரோக்கியமான ரத்தம் போகும். எண் இரண்டோ மூன்றோ வரும். வீட்டுக்கு அனுப்பலாம் என்று கிரிட் எழுதுவான். ஆளே இல்லாத கட்டிலை வீட்டுக்கு அனுப்பிய டாக்டர். இயக்குநர் முன்னால் அதைச் சொல்லும்போது எப்படிச் சிரிக்காமல் இருப்பது என்றுகூடப் பழகிப் பார்த்தார்.

ஆரோக்கியமான ரத்தத்துக்கு அவர் வெளியே போக வேண்டியிருக்கவில்லை. அறைக்குள்ளிருந்த குளியலறையில் தாழ்ப்பாள் போட்டார். கையில் சுற்றிய ரப்பர் பட்டையைப் பல்லால் கடித்து இறுக்கினார். ஊசி ஏறும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"யாரு?"

"ராத்ரீ சார்."

"அப்புறம் வா."

பல்லிடுக்கில் பட்டை இருந்ததால் சொல் தெளிவாக வரவில்லை. அவள் போய்விட்டாள். குப்பியின்மேல் 'புன்சோங், கட்டில் 21' என்று எழுதி மற்றவற்றோடு வைத்தார். வார்டில் இருபது கட்டில்தான். இருபத்தொன்று இருக்க வேண்டிய இடத்தில் சக்கர நாற்காலிகள் நின்றன.

மாலையில் கிரிட் மூச்சிரைக்க வந்தார்.

"சார், புன்சோங்குனு யாரு?"

"ஏன்?"

"நூத்தி அறுபத்து நாலு."

பிரசெர்ட் எழுந்திருக்கப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். மெஷினே தப்பு. நினைத்ததைவிட நல்லது.

"எண்தான் வந்தாச்சே. ஆளை வேற பாக்கணுமா?" என்றார்.

"ஆளைப் பாக்காம எப்படி சார்?"

கிரிட் ஓடினார்.

கழிப்பறைகளில் தேடினார்கள். கான்டீனில் தேடினார்கள். புன்சோங் எங்கிருந்தாலும் வார்டுக்கு வரவும் என்று ஒலிபெருக்கி கெஞ்சியது. இரண்டு புன்சோங்குகள் வந்தார்கள். ஒருவர் டாக்ஸி டிரைவர். இன்னொருவர் பல் பிடுங்க வந்தவர். இருவரின் வயிற்றையும் கிரிட் அழுத்திப் பார்த்து அனுப்பினார்.

புவாதான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள்.

"இல்லாத கட்டில், இல்லாத ஆளு. இன்னுமா புரியலை?"

வாசலில் ஆவிகளுக்கென்று இருந்த மாடத்தில் படையலாகச் சிவப்பு சோடா ஏறியது, உறிஞ்சுகுழலோடு. மூடி திறக்காமல் வைத்தவளைப் புவா அதட்டினாள். வராந்தாவில் இருந்தவர்கள் மறுநாள் குலுக்கலுக்கு அறுபத்து நாலில் முடியும் லாட்டரியாகத் தேடி வாங்கினார்கள். செத்தவர் தானாக வந்து எண் தருவது தினமும் நடப்பதில்லை.

பிரசெர்ட் அறையிலேயே இருந்தார். எழுந்து போய் உண்மையைச் சொன்னால் மெஷினைப் பற்றிச் சொல்லலாம். ஆனால் குப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அதோடு, எழுந்திருக்கவும் முடியவில்லை.

கிரிட் மறுபடி வந்தபோது சட்டை நனைந்திருந்தது.

"மாடியிலயும் இல்லை சார். எங்கேயாவது சுருண்டு கிடப்பார். உள்ளே எப்ப வேணா வெடிக்கும். ஒரு தடவை தொட்டுப் பாத்தாப் போதும், சார். ஆள் கிடைக்க மாட்டேங்கறார்."

பிரசெர்ட் அவரை வெறுக்க முயன்றார். சரியாக வரவில்லை.

"கிரிட்."

"சார்."

"அது என் ரத்தம்."

கிரிட் ஏன் என்று கேட்கவில்லை. மண்டியிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பெரியவரின் சட்டையை விலக்கி அடிவயிற்றின் வலப்பக்கம் கை வைத்தார். பிரசெர்ட் கத்தியது வராந்தா வரை கேட்டது. புன்சோங் போய்விட்டான் என்று புவா கும்பிட்டாள்.

குடல்வால். அன்றைக்கே கிரிட் வெட்டி எடுத்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வெடித்திருக்கும்.

மூன்றாம் நாள் பிரசெர்ட்டின் எண் முப்பத்தெட்டு. கட்டிலைச் சுற்றி மாம்பழக் கூடைகள் இருந்தன. லாட்டரியில் அறுபத்து நாலு விழுந்திருந்தது. ரத்தம் யாருடையது என்று வெளியே தெரிந்தபின் நன்றியைச் செலுத்த வேண்டிய இடமும் தெரிந்திருந்தது. கூடைகளில் பத்தி செருகியிருந்தார்கள்.

ராத்ரீ கட்டு மாற்றினாள்.

"கூடையெல்லாம் கிரிட்டுக்குக் குடுத்துடு," என்றார் பிரசெர்ட். "ரவுண்ட்ஸையும் அவனே எடுத்துக்கட்டும். எண் ஜெயிச்சிடுச்சு."

"வேண்டாங்கறார் சார்."

"எதை?"

"ரவுண்ட்ஸை. இயக்குநர்கிட்டப் போய், சார் திரும்பி வந்து நடத்தட்டும், இல்லாட்டி என்னால ஆகாதுன்னுட்டார்."

"அவனுக்கு நான் எதுக்கு? யாருக்கு ரத்தம் எடுக்கணும்னு அவனுக்கே தெரியுதே."

ராத்ரீ பிளாஸ்திரியை ஒட்டி, ஓரத்தை விரலால் நீவினாள்.

"எங்க தெரியுது, நீங்க எந்த வயித்துல ரெண்டாந்தரம் கை வைக்கறீங்களோ அவங்களுக்குத்தானே அவர் எடுக்கச் சொல்வார், வியாழக்கிழமை நீங்க உங்க வயித்துலயே ரெண்டு தரம் வெச்சுட்டீங்கன்னு ஊசியோட என்னை அனுப்பினார், நீங்கதான் பாத்ரூமைத் திறக்கலை."