ஏழுமலையின் மீன்குஞ்சுகளை நான் பார்த்துக்கொண்ட விதம்

கவலைப்படுகிற ஆளிடம் எதையும் ஒப்படைக்காதீர்கள். அக்கறையில்லாதவன் கையில் கொடுத்தால்கூடப் பாதியாவது மிஞ்சும். கவலைப்படுகிறவன் அப்படி அரைகுறையாக விடமாட்டான். இதை யாரையோ மனதில் வைத்துச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நினைத்து ஒன்பதாம் வகுப்பிலேயே பயப்பட ஆரம்பித்து, தேர்வு வருவதற்குள் பள்ளிக்கூடத்தையே விட்டு நின்றவன் நான். (ஒருவேளை பாஸாகிவிட்டால் பதினொன்றாம் வகுப்பு வந்துவிடுமே என்பது தனிக் கவலை.)

அப்போது எனக்கு ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. முன்கண்ணாடியை ரப்பர் உறிஞ்சிகளால் கவ்வித் தூக்கி வண்டியில் பொருத்துகிற லைன். அந்தக் கண்ணாடி நழுவுவது போல எனக்கு அடிக்கடி கனவு வரும். அதே லைனின் கடைசியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலையில் ரேவதி இருந்தாள். பக்கத்திலேயே ஏரியை ஒட்டிய ஊர் அவளுக்கு. எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். இருவருக்கும் பிடித்துப்போய், விஷயம் அவள் அப்பா ஏழுமலை வரைக்கும் போய்விட்டது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. (கூடாது என்றாலாவது அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன்.)

ஏழுமலையின் நிலமெல்லாம் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டது. மனிதர் சும்மா உட்கார முடியாமல் மொட்டை மாடியில் ஃபைட்டர் மீன் வளர்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை உடம்பும் நீல வாலுமாக ஒரு குஞ்சு எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒவ்வொரு முறையும் ஏதாவது கெட்டுப்போகும். அந்த முறைதான் பொரித்து வந்தது. வந்த நேரம் பார்த்து, ஆரணியில் உறவுக் கல்யாணம். குடும்பத்தோடு ஒரு வாரம் போக வேண்டும். நான் அடுத்த தெருவில் அறை எடுத்திருந்ததால், நீலப் பிளாஸ்டிக் தொட்டியைத் தானே தூக்கிவந்து எங்கள் அறை வாசலில் வைத்தார். தொட்டியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சின்னச் சின்னக் கோடுகள் நீந்திக்கொண்டிருந்தன.

"இப்பத்தான் நீந்துதுங்கோ. அப்பன் மீனைத் தனியா வுட்டுட்டேன், கூட வச்சா அதுவே துன்னுடும். பாத்துக்க தம்பி."

அவர் தலை மறைந்ததும் என் அறைத் தோழன் பேச்சிமுத்து தொட்டியை எட்டிப் பார்த்தான். "ஏலே, மாமனார் ஒனக்குப் பரீட்சை வைக்காரு," என்றான். ஒரு பரீட்சைக்குப் பயந்து அறுநூறு கிலோமீட்டர் ஓடிவந்தால், அது தொட்டியில் ஏறிப் பின்னாலேயே வந்திருக்கிறது.

முதலில் வெயிலை நினைத்துக் கவலைப்பட்டேன். பிறகு காக்கை. பிறகு பூனை. குஞ்சுகளுக்கு ஒளிய இடம் வேண்டும், பச்சைச் செடி ஏதாவது போடுங்கள் என்று போனில் ஒரு வீடியோவில் ஒருவர் சொன்னார். ஷிப்ட் முடிந்து நேராக ஏரிக்குப் போனேன். கரையோரம் தண்ணீருக்கு மேலே மஞ்சள் பூவும், கீழே நரிவால் மாதிரி மெத்தென்ற பாசியுமாக ஒன்று மிதந்தது. அதற்கு வேரே இல்லை. இழுத்ததும் கூடவே வந்துவிட்டது. வாழ்க்கையில் எனக்கு எதுவும் அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இலையெல்லாம் கசகசா அளவுக்கு உருண்டை உருண்டையாக ஏதோ ஒட்டியிருந்தது. விதை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் குஞ்சுகள் குறைவாகத் தெரிந்தன. ஒளிந்திருக்கின்றன என்று தேற்றிக்கொண்டேன். (ஒளியத்தானே போட்டேன்.) அதற்கு அடுத்த நாள் இன்னும் குறைவு. பயந்துபோய் இன்னும் பாசி கொண்டுவந்தேன். பேச்சிமுத்து டிபன் பாக்ஸ் கழுவிய சோப்புத் தண்ணீர் பட்டிருக்குமோ என்று அவனிடம் சண்டை போட்டேன். தட்டான் முட்டை போட்டால் அதன் புழு குஞ்சைத் தின்னும் என்று யாரோ சொல்ல, என் கொசுவலையை எடுத்துத் தொட்டிக்குக் கட்டினேன். கொசு என்னைக் கடித்தது. டெங்கு வருமோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. குஞ்சுகளுக்குத் தீனியாக ஏரித் தண்ணீரில் துள்ளும் பொடிப்பூச்சிகளை வடிகட்டிக் கொண்டுவந்து விட்டேன். பூச்சியும் காணாமல் போனது. குறையக் குறையப் பாசி போட்டேன், பாசி போடப் போடக் குறைந்தது. செடி மட்டும் செழிப்பாக இருந்தது. அதன் உருண்டைகள் கறுத்துக் கொழுத்து வந்தன. அந்த வாரம் முழுவதிலும் நான் சந்தோஷப்பட்டது அதைப் பார்த்துத்தான்.

ஆரணியிலிருந்து திரும்பியதும் ரேவதிதான் முதலில் ஓடிவந்தாள். தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கீறல் பார்க்கிறவள் அல்லவா, ஒரு கொத்துப் பாசியைத் தட்டில் எடுத்துப் போட்டு, போன் கேமராவைக் கிட்டே வைத்துப் பெரிதாக்கினாள்.

"இன்னாபா இது. வாலு ஆடுது."

ஓர் உருண்டையின் வாயிலிருந்து நீலமாக ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. உடம்பு உள்ளே. வெளியே இருந்த வால் மட்டும் மெல்ல அசைந்தது.

அவள் போனில் தேடித் தேடிப் படிக்க, நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அது மீனும் பூச்சியும் தின்கிற செடியாம். அந்த உருண்டைகள்தான் அதன் பொறியும் வயிறும். படிக்கப் படிக்க எனக்கு எங்கள் லைனின் ரப்பர் உறிஞ்சிகள்தான் ஞாபகம் வந்தன. உருண்டை தன்னுள்ளிருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிட்டு, கன்னம் ஒட்டிப்போய் இழுத்துப் பிடித்தபடி காத்திருக்கும். வாயில் ஒரு கதவு. கதவில் மீசை போலச் சில மயிர்கள். ஒளிய வந்த குஞ்சு அதில் லேசாக உரசினால் போதும். கதவு உள்பக்கமாகத் திறந்து, வெளித்தண்ணீர் குஞ்சையும் இழுத்துக்கொண்டு பாய்ந்து, உருண்டை உப்பி, கதவு மூடி, எல்லாம் கண்ணிமைக்கிற நேரத்தில் முடிந்துவிடும். (கண்ணிமைக்கிற நேரம் அதற்கு ரொம்ப அதிகம் என்று ரேவதி திருத்தினாள்.) அதற்கப்புறம் அவசரமே இல்லை. உள்ளே ஒரு நீர் ஊறி, சிக்கியதைக் கரைக்கும். பொடிப்பூச்சி என்றால் சில மணி நேரம், பெரிது என்றால் நாள்கணக்கு. கரைந்ததை உறிஞ்சிக்கொண்டு, தண்ணீரை மறுபடி வெளியே தள்ளி, அடுத்ததற்குத் தயாராகிவிடும். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து குஞ்சுகளை நினைத்து நான் நகம் கடித்த நேரமெல்லாம், அவை நான் கொடுத்த பாதுகாப்புக்குள் கரைந்துகொண்டிருந்தன.

ஏழுமலை வந்தார். ரேவதி சொல்லச் சொல்லக் கேட்டார். பாசியை மொத்தமாக அள்ளி வெளியே போட்டுவிட்டு, மிச்சம் இருந்த குஞ்சுகளை ஒரு டம்ளரில் எடுத்தார். டம்ளர் ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது.

"இத்த இன்னாத்துக்குப் போட்ட?"

"பத்திரமா இருக்கட்டும்னு போட்டேங்கய்யா."

"இவ்ளோவா?"

"கொறைய ஆரம்பிச்சதும் பயந்து இன்னும் கொஞ்சம் போட்டேன்."

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கல்யாணம் இனி இல்லை என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஊருக்கு எந்தப் பஸ்ஸில் போவது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"பரீட்சையில தோத்துட்டேங்கய்யா," என்றேன்.

"இன்னா பரீட்சை? பக்கத்துல கீறியேன்னு குடுத்தேன்." பெருமூச்சு விட்டார். "ஆரணில அல்லார்கிட்டயும் நீதான் மாப்ளன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இனிமே இன்னா பண்றது."

இவ்வளவு துக்கத்தோடு யாரும் யாருக்கும் பெண் கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. தனிக்குடித்தனம் கிடையாது, அவர் கண்ணெதிரே அவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். மகளை நான் எங்கேயாவது பத்திரமாக வைத்துவிடுவேனோ என்று பயந்திருக்கிறார். அப்படித்தான் வீட்டோடு மாப்பிள்ளை ஆனேன். டம்ளரில் இருந்தவையும் பிழைக்கவில்லை. அந்த நீல வால் அவருக்கு மறுபடி அமையவே இல்லை. வெறும் சிவப்புத்தான் வருகிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. மிக்ஸி ரிப்பேரா, தக்காளிச் செடி வாடுகிறதா, மாமியார் சொல்வார், "மாப்ள பாத்துக்குறாரு." கதை முடிந்தது என்று அர்த்தம். எதிர்வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, எப்படி இருக்கிறார் என்று கேட்டவரிடமும் ஏழுமலை அதையேதான் முணுமுணுத்தார். கேட்டவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தப் பேச்சு தெருவுக்கே தெரிந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் முதலில் கொண்டுவந்து என்னிடம்தான் நீட்டினாள். கழுத்து நிற்காத அந்தச் சின்ன உடம்பைக் கையில் வாங்கியதும், ஏசி காற்று, கொசு, நர்ஸின் கை சுத்தமா என்று வரிசையாக எல்லாம் தலைக்குள் ஓட ஆரம்பித்தன. ரேவதி கட்டிலில் படுத்தபடியே என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சும்மா வச்சிக்கினு இரு," என்றாள். "பாத்துக்க வேணாம்."