இரண்டு இருந்தால் போதும்

ஒயிட்ராக் பெட்டி மறுபடி செத்துவிட்டது.

குல்பின் அலுவலகத்தில் லாக்லன் திரையைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். குல்பின், யார்டிங், ஒயிட்ராக் மூன்று ஊர்க் கோதுமைக் கிடங்குக்கும் ஒரே தரவுத்தளம்; ஊருக்கு ஒரு கணினிப் பெட்டி. எந்த ஊரில் லாரியை எடை போட்டாலும் விவரம் மூன்றிலும் ஏறும். ஒன்று படுத்தால் மற்ற இரண்டும் தாங்கும். இரண்டு படுத்தால் ஒரு லாரிகூட நகராது.

அதே கிடங்குகளில் பன்னிரண்டு அறுவடை கோதுமை வாரி முதுகு போனவன் லாக்லன். இந்த நாற்காலிக்கு வந்து மூன்று வாரம்தான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒழுங்கா ஓடணும்," என்றாள் மேலாளர் நோரீன். "இல்லன்னா நீ கோதுமை வாரின ஷவல் அங்கயேதான் இருக்கு."

"அத வேற எவனுக்காவது குடுத்துடு நோரீன்."

வெளியூர்ப் பெட்டிகள் தகரக் கொட்டகையில் இருந்தன. வெயில் நாற்பத்து நான்கு டிகிரி. சூடு ஏறியதும் படுத்துக்கொண்டன. அவற்றின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை ஐந்து நொடியிலிருந்து ஐந்து நிமிடமாக்கினான் லாக்லன். எடைமேடையில் ஒரு லாரி ஐந்து நிமிடம் நின்றது. அதன் பின்னால் பதினேழு.

"டேய் லாக்லன்! எனக்குத் தாடி முளைச்சு நரைச்சும் போச்சுடா!" லாரி ஓட்டும் டேரில் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

நேரத்தைப் பழையபடி குறைத்துவிட்டு இரண்டு ஊருக்கும் போன் போட்டான். "பெட்டியக் கொஞ்சம் குளிர்ச்சியா வைங்கப்பா."

யார்டிங்கில் ஈரத்துணி போர்த்தினார்கள். பெட்டி புகைந்தது, கையிருப்பில் இருந்த ஒரே மாற்றுப் பெட்டியும் அங்கே போயிற்று. ஒயிட்ராக்கில் மின்விசிறி வைத்தார்கள். அது கிடங்குத் தூசி முழுவதையும் பெட்டிக்குள் ஊதியது.

லாக்லன் மறுபடி போனை எடுத்தான். "என்ன பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது! புதன்கிழமை ரெண்டும் குளிர்ல இருக்கணும்!"

புதன்கிழமை திரையில் மூன்று பெட்டியின் விளக்கும் பச்சை. வியாழனும் பச்சை. லாக்லன் அலுவலகச் சாப்பாட்டு அறையில் ஏசிக்குக் கீழே கால் நீட்டி, மேசைவிரிப்பு மூடிக் கிடந்த எதன்மேலோ டீயை வைத்தான். "அதட்டினாத்தான் நம்ம ஆளுங்களுக்கு உறைக்குது."

வெள்ளிக்கிழமை. மேற்கே மழைமேகம். லாரி வரிசை ரோடு வரைக்கும்.

"நிஜமாவே ஒண்ணு படுத்தா மத்தது தாங்குமா?" என்றாள் நோரீன்.

"வாயால சொல்லமாட்டேன். செஞ்சே காட்டுறேன்."

குல்பின் அலுவலகத்தின் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தான். ஜெனரேட்டரில் ஓடும் எடைமேடை மட்டும் உயிரோடு இருந்தது.

"டேரில், வண்டிய ஏத்து. யார்டிங்கும் ஒயிட்ராக்கும் பதில் சொல்லும் பாரு."

டேரில் ஏற்றினான். எதுவும் பதில் சொல்லவில்லை. ஐந்து நொடி. ஐந்து நிமிடம். நோரீனின் பார்வை சுவரோரம் சாய்ந்திருந்த ஷவலுக்குப் போனது.

"ரெண்டு ஊர்லயும் ஒரே நேரத்துல கரண்டு போயிருக்கும்," என்றான் லாக்லன், குரல் துளியும் இறங்காமல்.

டேரில் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "கரண்டெல்லாம் அங்க இருக்குடா, பெட்டிதான் இல்ல. மூணு ஊர்லயும் இங்க மட்டும்தான ஏசி இருக்குன்னு செவ்வாய்க்கிழமை ரெண்டையும் என் வண்டியிலதான் ஏத்தி அனுப்பினாங்க. நீ டீ கப்பு வைக்கிறியே, அதுமேலதான்!"