எலி தின்ற மான்

ஒரு காட்டில், எந்தக் காடு என்று மட்டும் கேட்காதீர்கள், கேட்டால் சொல்லிவிடுவேன், அப்புறம் வம்பு எனக்குத்தான், ஒரு சிங்க மகாராஜா ஆண்டுவந்தார். வயதாகிவிட்டது. முழங்கால் வலி. ஒரு காலத்தில் மானைக் கண்டால் மலை தாண்டித் துரத்தியவர், இப்போது பத்தடி ஓடினால் உட்கார்ந்துவிடுவார். பசி மட்டும் குறையவே இல்லை.

அந்தக் காட்டில் வீரப்பொடி என்று ஒரு பொடி புழங்கியது. நீல நிறம். ஒரு சிட்டிகை நாக்கில் போட்டால் போதும், பயம் என்பதே இருக்காது. முயல் போய்ப் பாம்புப் புற்றில் கையை விடும். ஆடு போய் ஓநாயிடம் "என்னடா முறைக்கிற?" என்று கேட்கும். கேட்ட ஆடு திரும்பி வராது. பயம் போய்விட்டால் ஆட்டிடம் மிச்சம் என்ன இருக்கிறது? கறிதான் இருக்கிறது.

பொடியை விற்றது பரமு அண்ணாச்சி என்ற நரி. இது காட்டுக்கே தெரியும். குருவிக் குஞ்சுக்குத் தெரியும். காவலுக்கு இருந்த செந்நாய் ஏட்டுக்கு மட்டும் துப்புக் கிடைக்கவில்லை. பாவம், அண்ணாச்சி வீட்டு விருந்துக்குப் போய்வரவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது.

செவ்வந்தி என்று ஒரு பெண்மான். அவளுக்கு இரண்டு தம்பிகள், மருதன், துள்ளான். தாய் தகப்பன் இல்லாமல் அவள்தான் இரண்டையும் வளர்த்தாள். ஒருநாள் மருதன் பொடியைப் போட்டுக்கொண்டு நேரே புலியின் குகைக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த புலியின் தாடையில் ஓர் உதை விட்டான். புலிக்கே அழுகை வந்துவிட்டதாம், வேட்டையாடாமலே சோறு வருகிறதே என்று.

செவ்வந்தி மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நான்காம் நாள் எழுந்தாள். புதர் புதராகப் போய் ஒரு மனுவில் எல்லோருடைய குளம்பு ரேகையும் வாங்கினாள். "பொடிக்குத் தண்டனை போதாது. கடுமையாக்குங்கள்" என்பதுதான் மனு. தர்பார் வாசலில் மனு கொடுக்கும் வரிசையில் இரண்டு நாள் நின்றாள். முதல் நாள் படிவம் பச்சையில் இல்லை என்றார்கள். இரண்டாம் நாள் பச்சையில் கொண்டுபோனாள், வாங்கிக்கொண்டார்கள்.

மகாராஜா மனுவைப் படித்தார். படிக்கும்போது ராஜாவுக்குக் கண்ணில் நீர் வந்தது என்று செந்நாய் ஏட்டு பிறகு எல்லோரிடமும் சொன்னார். நீர் வந்தது வாஸ்தவம். வந்த இடம் கண் இல்லை.

"இனி இந்தக் காட்டில் பொடி வைத்திருந்தால் மரண தண்டனை!" என்று கர்ஜித்தார் மகாராஜா. "தூக்குமரம் வேண்டாம். மரம் வெட்டினால் காடு அழியும். சுற்றுச்சூழலை உத்தேசித்துத் தண்டனையை நானே என் வாயால் நிறைவேற்றுவேன்."

என்ன ஒரு தியாகம்! முயல்கள் கைதட்டின. ஆடுகள் மாலை போட்டன. செவ்வந்தி அழுதாள். "மருதா, உனக்கு நியாயம் கிடைச்சிருச்சுடா" என்றாள்.

சட்டம் ஓலையில் ஏறியது. ஒரு கிலோவுக்குக் கீழ் இருந்தால் எச்சரிக்கை, ஒரு கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் மகாராஜா. பொடியை மாவில் கலந்து ஏமாற்றுகிறார்கள் என்பதால், பொடி எதில் இருக்கிறதோ அதையும் சேர்த்து எடை போட வேண்டும். பிடித்த பொருள் சாட்சிப்பொருள். வழக்கு முடியும்வரை அதைக் கிடங்கில் பத்திரமாக வைக்க வேண்டும், யாராவது அதை அழித்தால் அவருக்கும் அதே தண்டனை. எடை பார்க்க ஒரு எலக்ட்ரானிக் தராசு வந்தது. தராசு வைக்க இடமில்லை என்று, போதை தெளிய வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த கரடியின் குடிசையைக் காலிசெய்து கொடுத்தார்கள். கரடி தன் கஷாயப் பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

செவ்வந்தி வரிசையில் நின்று அந்தச் சட்டத்துக்கு ஒரு நகலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, மடியில் முடிந்துகொண்டாள்.

புதுச் சட்டம் வந்தால் முதல் வழக்கு ஒன்று வேண்டுமே. ஊர் வாயை அடைக்க ஏட்டு பரமு அண்ணாச்சியின் வண்டியையே மறித்தார். நாற்பது மூட்டை. காடே திரண்டு வந்து பார்த்தது. "தொலைஞ்சான் நரி" என்றது காடு. மூட்டைகள் கிடங்குக்குப் போயின. பத்து நாள் கழித்து விசாரணை.

"சாட்சிப்பொருளைக் கொண்டுவா" என்றார் மகாராஜா.

ஏட்டு ஒரு காலிச் சாக்கைத் தராசில் வைத்தார். அதையும் கடைசி நேரத்தில் யாரோ உருவிக்கொண்டார்கள். தராசு பூஜ்யம் காட்டியது.

"மன்னிக்கணும் மகாராஜா. நாற்பது மூட்டையையும் எலி தின்னுடுச்சு. இதோ எலியோட கைநாட்டு."

"எந்த எலி?"

"கிடங்கு எலி, பொன்னுரங்கம். பழைய ஆள். இதுவரைக்கும் நூத்துப்பத்து மூட்டை, ரெண்டு மாட்டு வண்டி, ஒரு இரும்பு பீரோ தின்னிருக்கு. எல்லாத்துக்கும் ரசீது இருக்கு."

சட்டப்படி எலியைத் தண்டித்திருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை. மகாராஜாவுக்கும் நரிக்கறி பிடிக்காது, நாறும். "எடை இல்லை, குற்றம் இல்லை" என்று தீர்ப்பு வந்தது. அண்ணாச்சி எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். மறுநாள் பொடி விலை இரண்டு மடங்கு. கேட்டால், "சட்டம் கடுமையாயிருச்சுல்ல, ரிஸ்க் ஜாஸ்தி" என்றார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சின்னத்தம்பி துள்ளானுக்கு ரத்தம் கொதித்தது. அண்ணனைத் தின்ற புலியை ஒரு கை பார்க்க வேண்டும். ஆனால் பயம். பயத்துக்கு மருந்து எங்கே கிடைக்கும் என்று காட்டில் யாருக்குத்தான் தெரியாது? ஒரே ஒரு சிட்டிகை வாங்கி நாக்கில் போட்டுக்கொண்டு, கொம்பைச் சாய்த்துக்கொண்டு புலிக்குகை பக்கம் கிளம்பிவிட்டான்.

செவ்வந்தி பின்னாலேயே ஓடினாள். பிடிக்க முடியவில்லை. வழியில் காவல்சாவடி. "ஏட்டய்யா, என் தம்பி பொடியைப் போட்டுட்டான்! புலிகிட்ட போறான்! தடுங்கய்யா!" என்று கத்தினாள்.

ஏட்டு தடுத்தார். நான்கு செந்நாய்கள் பாய்ந்து அமுக்கின. செவ்வந்தி கும்பிட்டாள். "நல்லா இருப்பீங்கய்யா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"எங்க கூட்டிட்டுப் போறே? கேஸு போட்டாச்சு" என்றார் ஏட்டு.

"அய்யா, ஒரே ஒரு சிட்டிகை! சட்டத்துல எச்சரிக்கைதானே!"

"சிட்டிகை எதுல இருக்கு? அவன் வயித்துக்குள்ள. வயிறு எதுல இருக்கு? அவன்ல. பொடி எதுல இருக்கோ அதோட சேர்த்துத்தான் எடை. நீ கேட்டு வாங்கின சட்டம்தானேம்மா?"

துள்ளானைத் தராசில் ஏற்றினார்கள். அவன் தராசையும் விடவில்லை. "என்னடா முறைக்கிறே?" என்று ஓர் உதை விட்டான். தராசு கீச்சென்று கத்தி எண் காட்டியது. முப்பத்திரண்டு கிலோ.

பத்தடி தள்ளி நின்ற பரமு அண்ணாச்சியே திகைத்துப்போனார். "முப்பத்திரண்டு கிலோவா! நானே ஒரே நேரத்துல அவ்வளவு சில்லறையில வித்ததில்லையேப்பா" என்றார்.

மகாராஜா தர்பாருக்கு வரும்போதே நாக்கால் மீசையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தீர்ப்புச் சொல்பவரும் அவரே, சாப்பிடுபவரும் அவரே. வேலை எவ்வளவு சுலபம் பாருங்கள்.

செவ்வந்தி காலில் விழுந்தாள். "மகாராஜா, இந்தச் சட்டத்தைக் கேட்டவளே நான்தான்."

"தெரியும் தாயே. அதனால்தான் முதல் பலன் உன் வீட்டுக்கு. நன்றி மறக்கமாட்டான் இந்த ராஜா" என்றார் சிங்கம். "மரண தண்டனை. நிறைவேற்றுவது இப்போதே. இலையைப் போடு."

 போன தம்பி புலி வாயில், இருக்கிற தம்பி சிங்க வாயில். இரண்டாவதுக்கு வழி வெட்டிக் கொடுத்தது நானேதானே, என் குளம்பு ரேகைதானே மனுவில் முதல் ரேகை என்று செவ்வந்திக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. மடியில் இருந்த சட்ட நகலை எடுத்தாள். கண்ணீரில் எழுத்துத் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு படித்தாள்.

"மகாராஜா, மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கு. அதுவரைக்கும் வழக்கு முடியலை. வழக்கு முடியற வரைக்கும் என் தம்பி சாட்சிப்பொருள். சாட்சிப்பொருளைத் தின்னா, தின்னவங்களுக்கும் அதே தண்டனைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."

மகாராஜா ஓலையை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். அவர் முத்திரையேதான். தன்னைத் தானே தின்பது எப்படி என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். "முப்பது நாளா! இளைச்சுப்போயிடுமே!" என்றார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "கிடங்கில் போடு. வேளாவேளைக்குப் புல் வை. ஒரு கிலோ குறைந்தாலும் உன்னைத் தொலைத்துவிடுவேன்" என்று ஏட்டிடம் சொல்லிவிட்டு, எடுத்துப்போட்ட இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

துள்ளானைப் பார்க்கச் செவ்வந்தி கிடங்குக்குப் போனாள். மூலையில் ஒரு கிழ எலி உட்கார்ந்து சிரட்டையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது.

"நீங்கதான் பொன்னுரங்கம் தாத்தாவா? இரும்பு பீரோ தின்னது?"

எலி வாயைத் திறந்து சிரித்தது. உள்ளே ஒரு பல் இல்லை.

"எங்கம்மா தின்னேன்? பல்லு போயி மூணு மழைக்காலம் ஆச்சு. ஏட்டு வந்து கைநாட்டு வைன்னுவான். வைப்பேன். ஒரு சிரட்டை கஞ்சி ஊத்துவான். நூத்தைம்பது மூட்டை பொடி தின்னதா பேரு. பொடியோட ருசி உப்பா புளிப்பான்னுகூட எனக்குத் தெரியாது."

 செவ்வந்தி நேரே ஏட்டிடம் போனாள்.

"ஏட்டய்யா, நாற்பது மூட்டையைத் தின்ன எலி, பக்கத்துலேயே படுத்திருக்கிற என் தம்பியைத் தின்னாதா?"

"என்னம்மா உளர்றே?"

"தின்னாட்டி நாளைக்கு நான் தர்பாருக்கு வருவேன். எலித் தாத்தா வாயைக் கொஞ்சம் திறந்து காட்டச் சொல்லுங்க மகாராஜான்னு கேப்பேன். அவ்வளவுதான் கேப்பேன்."

ஏட்டுக்கு வேர்த்தது. நாய்க்கு வேர்க்காது என்பார்கள், இவருக்கு வேர்த்தது. "தங்கச்சி, நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்" என்றார். அன்று பொழுது சாய்வதற்குள் கிடங்கின் பின்கதவு திறந்தது, பேரேட்டில் ஒரு வரி ஏறியது. மான் ஒன்று, கொம்புடன், எலி தின்றுவிட்டது.

மகாராஜாவுக்குச் செய்தி போனபோது காடு அதிர்ந்தது. நரியின் மூட்டை போனால் போகிறது, இது அவர் சாப்பாடு அல்லவா! "கூப்பிடு அந்த எலியை!" என்றார்.

பொன்னுரங்கத்தைத் தூக்கிவந்து முன்னால் வைத்தார்கள். இல்லை என்று சொன்னால் மானைத் தேடிப் புறப்படுவார்கள். ஆமாம் என்று சொன்னால் சாட்சியை அழித்த குற்றம், மரணம். கூட்டத்தின் கடைசியில் செவ்வந்தி நின்றாள். எலி அவளை ஒருதரம் பார்த்தது.

"மானை நீ தின்றாயா?"

"தின்னேன் மகாராஜா."

"முப்பத்திரண்டு கிலோவையுமா?"

"தின்னேன்."

"கொம்பையுமா?"

"ஊறவெச்சுத் தின்னேன் மகாராஜா."

மகாராஜா எழுந்தார். "அப்படியானால் மரண தண்டனை" என்று வாயைத் திறந்தவர், குனிந்து எலியைப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். வாலோடு சேர்த்து ஒரு கவளம்கூட வராது. பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டால் வேறு வேதனை.

"வயதில் மூத்தவர். எச்சரித்து அனுப்புகிறேன்" என்றார். பசியோடு வந்த பெருந்தன்மை அது. பொன்னுரங்கம் கிடங்குக்குத் திரும்பிப் போய், ஆறிப்போன கஞ்சியைக் குடித்தது.

செவ்வந்தி தம்பியை ஆற்றுக்கு அக்கரையில், கரடி புதிதாகக் குடிசை போட்டிருந்த இடத்துக்குக் கூட்டிப்போனாள். கரடி எந்தப் படிவமும் கேட்கவில்லை. ஏழு நாள் கஷாயம். ஏழு நாளும் துள்ளான் உதைத்தான், கத்தினான், அக்காவைக் கடித்தான். "என்னை விடு, புலியைக் கொல்லணும்" என்றான். அவள் அவன் கழுத்தைவிட்டு நகரவில்லை. எட்டாம் நாள் காலை, பக்கத்தில் ஒரு சருகு விழுந்தது. துள்ளான் விருட்டென்று துள்ளி எழுந்து, உடம்பெல்லாம் நடுங்க அக்காவின் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"அக்கா, பயமா இருக்குக்கா."

செவ்வந்தி ஓவென்று அழுதாள். "வந்திருச்சா? என் ராசா, பயம் வந்திருச்சாடா!" என்று அவனை நக்கி நக்கிக் கொடுத்தாள்.

விட்டுவந்த கரையிலிருந்து தமுக்குச் சத்தம் கேட்டது. பொடியை ஒழிக்கத் தண்டனை இன்னும் கடுமையாக்கப்பட்டிருக்கிறதாம். இனி மேல்முறையீடு கிடையாது. குற்றவாளி இருபது கிலோவுக்குக் குறையக் கூடாது. முயல்கள் கைதட்டும் சத்தமும் கூடவே கேட்டது.

நீதி: தண்டனை கடுமையாகக் கேட்டுப் போராடு, தப்பில்லை. ஆனால் மனுவில் கைநாட்டு வைப்பதற்கு முன் தராசில் ஏறி உன் எடையைப் பார்த்துக்கொள். எதற்கும் பல்லில்லாத எலி ஒன்றைப் பழக்கம் பிடித்து வைத்துக்கொள்.