மிஸ் மயில்சாமி வழக்கில் நடுவர் தீர்ப்பு

மதிப்பிற்குரிய மச்சான் செல்வராஜ் அவர்களுக்கு,

டெக்ஸாஸிலிருந்து சேனாபதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவது மரபு, எழுதிவிட்டேன். அங்கே மாமா, அத்தை, குழந்தைகள் எல்லாரும் நிஜமாகவே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தங்கை வள்ளி வருகிற வெள்ளிக்கிழமை கோயமுத்தூரில் வந்து இறங்குகிறாள். ஏன் என்று அவள் சொல்வாள். அதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த ஈமெயில். வாட்ஸ்அப்பில் போட்டால் சொந்தபந்தம் மொத்தமும் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்துவிடும்.

வள்ளி இங்கே அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுப்பது உங்களுக்குத் தெரியும். இந்த மாநிலத்தில் ஒரு சட்டம். சர்ச்சையான விஷயத்தை வகுப்பில் பேசினால் டீச்சர் ஒரு பக்கம் சாயக்கூடாதாம், எல்லாத் தரப்பையும் சொல்ல வேண்டுமாம். எது சர்ச்சை? எவனுக்கு உறுத்துகிறதோ அது சர்ச்சை. அடிமை முறை ஒழிந்த பிறகு ஒரு தாய் பேப்பரில் கொடுத்த விளம்பரத்தை வள்ளி வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறாள். தன்னிடமிருந்து பிரித்து விற்கப்பட்ட மகளை அந்தத் தாய் தேடுகிறாள். ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறது. உடனே அதன் அப்பன் புகார் கொடுத்துவிட்டான், ‘டீச்சர் தாயின் தரப்பை மட்டும்தான் சொன்னார்’ என்று. இன்னொரு தரப்பு யாருடா, வித்தவனா? அதைக் கேட்க அந்தப் பள்ளியில் ஒரு நாதி இல்லை. வள்ளியை வேலையில் வைப்பதா வேண்டாமா என்று பிரின்சிபாலம்மா சிரித்த முகம் மாறாமல் கமிட்டி போட்டுவிட்டார்.

கமிட்டியில் வேறு பள்ளியைச் சேர்ந்த, நடுநிலையான பெற்றோர் ஒருவர் வேண்டுமாம். தமிழ்ச் சங்கத் தலைவர் திருமூர்த்தி என் பெயரைக் கொடுத்துத் தொலைத்தார். பொங்கல் பட்டிமன்றத்துக்கு வருஷா வருஷம் நான்தானே நடுவர்! மாமியாரா மருமகளா, இட்லியா பீட்சாவா, எதுவானாலும் இரண்டு அணிக்கும் சால்வை போர்த்தி அனுப்புகிறவன். ‘சேனாபதி யார் மனசும் நோகாம தீர்ப்பு சொல்லுவாருங்க’ என்பார் திருமூர்த்தி. நான் வள்ளியின் புருஷன் என்று கமிட்டிக்காரர்களுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டில் அவள் பெயருக்குப் பின்னால் மாமா பெயர், என் பெயருக்குப் பின்னால் எங்கள் அப்பா பெயர். எங்கள் மகள் வெண்பா படிப்பதும் வேறு பள்ளி. இங்கே உங்கள் தங்கை மிஸ் மயில்சாமி. நானும் வாயைத் திறக்கவில்லை. உள்ளே உட்கார்ந்தால் அவளைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் மச்சான், சத்தியமாக.

விசாரணையில் இரண்டு பேர் அவளுக்கு ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. மிச்சம் நான். ‘பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு எதிர்த்தரப்பு எதுன்னு சொல்லுங்க, நாளைக்கே பாடம் நடத்துறேன்’ என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டு வள்ளி என்னையே பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை அவளுக்கு. அந்த நேரம் பார்த்து மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அந்த மைக்தான் கெடுத்தது. எழுந்தேன், தொண்டையைக் கனைத்தேன். ‘தாயின் கண்ணீரிலும் நியாயம் இருக்கிறது, அன்றைய சந்தை நிலவரத்திலும் நியாயம் இருக்கிறது’ என்று வந்து விழுந்துவிட்டது. பழக்கதோஷம்! கை தட்டினார்கள். பிரின்சிபாலம்மா எழுதிக்கொண்டார். அடுத்த வருஷம் வேலை இல்லை என்று வள்ளிக்கு வந்த ஈமெயிலில் என் வாக்கியத்தைத்தான் காரணமாகக் காட்டியிருக்கிறார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சாப்பாடு இருக்கா என்று கேட்டேன். ‘ஆக்குன தரப்பும் இருக்குதுங்க, ஆக்காத தரப்பும் இருக்குதுங்க. நடுவரே பாத்து ஒரு தீர்ப்பு சொல்லிருங்க’ என்றாள். வெண்பா, ‘டாட், யூ ரியலி செட் தட்?’ என்று கேட்டுவிட்டு ரூம் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது சொல்லுங்கள், தப்பு யார் மேல்? சட்டம் போட்டவன், புகார் கொடுத்தவன், சிரிச்சுக்கிட்டே கழுத்தறுத்த பிரின்சிபால், வேலையத்துப் போய் என் பேரைக் கொடுத்த திருமூர்த்தி, இவங்கெல்லாம் நல்லா இருப்பாங்களா? வயிறு எரியுது மச்சான். வகுப்புப் பிள்ளைங்க வள்ளி மேல உசுரையே வெச்சிருந்துச்சுங்க. நீங்க கொஞ்சம் பக்குவமாப் பேசி அவளைத் திருப்பி அனுப்பி வையுங்க. உங்க பேச்சை அவ தட்டமாட்டா.

மாமா, அத்தை இருவர் காலிலும் விழுந்து வணங்கியதாகச் சொல்லவும். குழந்தைகளுக்கு என் ஆசிகள், முக்கியமாக நன்றாகப் படிக்க.

தங்கள் அன்புள்ள,
சேனாபதி

பி.கு: அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். கடிதம் கொஞ்சம் வள்ளி பக்கம் சாய்ந்த மாதிரி தெரிகிறது. இது வெளியே போனால் எனக்குச் சங்கடம், ஏனென்றால் போன வாரம் கமிட்டிக்கு என்னையே தலைவராக்கிவிட்டார்கள், நானும் சரி என்றுவிட்டேன். ஆகவே பள்ளியின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். வள்ளியிடம் காட்டுவதாக இருந்தால் இந்தப் பின்குறிப்பை மட்டும் எடுத்துவிட்டுக் காட்டவும்.