அடுப்படிப் பக்கம் சாய்ந்த தலைகள்

குன்னூர்,
ஞாயிறு மாலை

அன்பு மச்சான் அப்சலுக்கு ஹபீப் முகமது ஸலாம் கூறி எழுதுவது. இறைவன் அருளால் இங்கே நானும் உன் அக்கா ஹாஜிராவும் நலம், மானம் ஒன்றைத் தவிர. உன் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை, எல்லாம் உன்னால் வந்தது.

என் மகளுக்குச் சின்ன வயதில் பொம்மை வாங்கித் தராமல் தொலைநோக்கி வாங்கித் தந்தது யார்? இன்று அஃப்ரீன் கோயம்புத்தூரில் ஆராய்ச்சி செய்கிறாள், என்ன ஆராய்ச்சி, யார் கண்ணுக்கும் படாத ஒரு பொருள் வானம் முழுக்க இருக்கிறதாம், அதற்கு இவள் வரைபடம் போடுகிறாளாம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் சொல்லு தாயே என்று படித்துப் படித்துச் சொன்னேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தார்கள், வழியில் பர்லியாரில் மங்குஸ்தான்கூட வாங்கி வந்தார்கள், நல்ல மனுஷர்கள். அஃப்ரீன் ஹாலுக்கு வருமுன், "பிரியாணி பூரா எம் பொண்ணு கைப்பக்குவமுங்க" என்று ஒரு வார்த்தை போட்டு வைத்தேன். நிஜத்தில் அது பஜாரில் வாங்கியது. பிரியாணி வந்த பெரிய பாத்திரம், அந்தத் தேக்சா இல்லாமல் நகர மாட்டேன் என்று கடை மாஸ்டர் அடுப்படித் திரைக்குப் பின்னால் அதைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார். காலை பஸ்ஸில் வந்து இறங்கிய அஃப்ரீனுக்கு இது எதுவும் தெரியாது.

என்ன வேலை என்று மாப்பிள்ளை ஷகீலின் அம்மா கேட்டதுதான் தாமதம், ஆரம்பித்துவிட்டாள். தூரத்து நட்சத்திரக் கூட்டங்களின் வெளிச்சம் வருகிற வழியில் கண்ணுக்குத் தெரியாத கனம் ஏதாவது இருந்தால், அதுங்களோட உருவம் நமக்குத் துளி கோணலாத் தெரியுமாம். "கண்ணுல படாததை எப்புடிம்மா கண்டுபுடிப்பே?" என்றார் அந்தம்மா.

"இந்த ஹாலையே பாருங்க மாமி. ஒருத்தர் தலைய மட்டும் பார்த்தா ஒண்ணும் தெரியாது, அவங்கவங்க தலை இயல்பாவே கொஞ்சம் கோணல்தானுங்க. எல்லாரையும் சேர்த்துப் பாருங்க, மொத்தமா அடுப்படிப் பக்கம் சாஞ்சிருக்கு. அந்தத் திரைக்குப் பின்னால ஏதோ பெரிசா இருக்குதுங்க."

அந்தம்மா எழுந்துபோய்த் திரையை விலக்கினார். மாஸ்டர் எழுந்து நின்று ஸலாம் சொன்னார். தேக்சாவில் கடைப்பெயர் சிவப்புப் பெயிண்டில் இருந்தது. ஷகீல் மட்டும் இருமினான். பிரியாணியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, "சொல்லி அனுப்பறோமுங்க" என்று கிளம்பினார்கள். அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்கே தெரியும்.

உடனே பஸ் ஏறி வா. ஆராய்ச்சியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், பேங்க் பரீட்சை எழுதுன்னு சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா, மாமன் சொன்னா கேப்பா. இனி எவன் வருவான், நீயே சொல்லு.

உன் மனைவி நாஜ்னீனுக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு துஆ. உனக்கு நேரில்.

ஹபீப் முகமது

பி.கு.: உறையை ஒட்டும்போது அந்தம்மாவிடமிருந்து போன். "சம்பந்தி, கடை பிரியாணினு வாசனையிலயே தெரிஞ்சுபோச்சுங்க, எங்க ஊட்லயும் இதே கூத்துதான். பொண்ணு எங்களுக்குத்தானுங்க. எங்க ஊட்டுக்காரருக்குச் சர்க்கரை, ஆனா பேரப்பசங்க தலையெல்லாம் அவரு பீரோ பக்கமே சாயுது. மருமக வந்து என்னன்னு கண்டுபுடிக்கட்டும்." ஆராய்ச்சி முடிந்துதான் நிக்காஹ் என்கிறாள் அஃப்ரீன், அதற்கும் சரி என்றுவிட்டார்கள். ஆகையால் நீ வந்து அவளுக்குப் புத்தி கித்தி சொல்லித் தொலைக்காதே. தாய்மாமன் சீருக்கு இன்னும் பெரிய தொலைநோக்கியாகப் பார்த்து வாங்கி வா.