முதல் தர அமைதி

ஒரே ஒரு ஊரிலே, ஊர் உறங்கும்போது அடுப்பு மூட்டி, ஊர் எழும்போது படுக்கப்போகும் ரொட்டிக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு வாய்த்த வாடகை வீடோ தகரப் பட்டறையின் மாடி. கண்ணை மூடினால் சுத்தியல், திறந்தால் மனைவி.

"இப்படியே போனா, மாவுக்குப் பதிலா நீங்களே அடுப்புக்குள்ள போயிடுவீங்க. புறநகர்ல அமைதியான இடமாப் பார்த்து ஒரு வீடு வாங்குவோம்," என்றாள் மனைவி.

எது அமைதியான இடம் என்று அவரவர் காது முடிவு செய்துவிட முடியாது. அதற்கென்றே அமைதித் தரநிர்ணய அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அங்கே மேலாளர் சுவரிலிருந்த வரைபடத்தைக் கோலால் தட்டினார்.

"குளத்தோரப் பகுதி மூன்றாம் தரம். அந்தப் பக்கமே போகாதீங்க."

"அவ்வளவு சத்தமா சார்?"

"ஏகப்பட்ட புகார்! பக்கத்து வீட்டுப் பூனை சத்தமாக் கொட்டாவி விடுதுன்னுகூட ஒருத்தர் எழுதியிருக்கார்."

"மேட்டுப் பகுதி?"

"முதல் தரம்! இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்லை. புகார் இல்லைன்னா சத்தம் இல்லைன்னுதானே அர்த்தம்?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. விடுமுறை நாளில் போய்ப் பார்த்தார்கள். ஓர் இலைகூட அசையவில்லை. உள்ளதைப் போட்டு, இல்லாததற்குக் கடன் வாங்கி வீட்டை முடித்தார்கள்.

குடிபோன மறுநாள் காலை, ரொட்டிக்காரர் படுத்ததுமே கட்டில் நடக்க ஆரம்பித்தது. கொல்லைச் சுவருக்கு அந்தப்பக்கம் கல் உடைக்கும் ஆலை.

"என்னங்க, பூகம்பமா?"

"இல்லடி, முதல் தரம்."

புகார் எழுதி எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டவில்லை, தெருவே கூடிவிட்டது.

"தம்பி, எங்க வயித்துல அடிச்சிடாதே!" எதிர்வீட்டு வாத்தியார் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு புகார் போனா தரம் இறங்கிடும். தரம் இறங்கினா வீட்டு விலை பாதாளத்துக்குப் போயிடும்."

"அப்போ நீங்கல்லாம் எப்படிண்ணே தூங்குறீங்க?"

"இங்கே யாரு தூங்குறா? நான் மச்சான் வீட்டுல. இவர் நூலகத்துல. அந்தம்மா பஸ்ல ஏறினா கடைசி நிறுத்தம் வரைக்கும் கண்ணைத் திறக்க மாட்டாங்க."

அந்த நேரம் பார்த்து ஆண்டு ஆய்வுக்கு ஆய்வாளர் வந்து இறங்கினார். இரண்டு காதிலும் பஞ்சு.

"காதால கேட்டா மனசு ஒரு பக்கமாச் சாஞ்சிடும். ஆய்வாளர் நடுநிலை தவறக்கூடாது," என்று அவரே விளக்கினார். "புகார் இருக்கிறவங்க கையைத் தூக்கலாம்."

தெரு மொத்தமும் ரொட்டிக்காரரைப் பார்த்தது. தூக்கமில்லாமல் சிவந்த கண்ணோடு அவர் கையைத் தூக்கினார். பாதி தூக்கியதும் வீட்டு விலை நினைவுக்கு வந்தது. தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

"சிறப்பு முதல் தரம்!" என்று அறிவித்துவிட்டு ஆய்வாளர் வண்டியேறினார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆலை இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

"விலை ஏறிடுச்சே, வித்துட்டு எங்கேயாவது போயிடலாமா?" என்று மனைவி அவர் காதில் கத்தினாள்.

"பைத்தியமா உனக்கு? இன்னும் ஏறும்!"

கூட்டம் கலைந்தது. வாத்தியார் போர்வையோடு மச்சான் வீட்டுக்குப் போனார். அந்தம்மா பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டு அக்காள் வீட்டைப் பார்த்து நடந்தாள். கடைசியாக ரொட்டிக்காரர், சிறப்பு முதல் தர வீட்டை இரண்டு பூட்டுப் போட்டுப் பூட்டி, இழுத்தும் பார்த்துவிட்டு, தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ரொட்டிக்கடை மாவு மூட்டைமேல் படுக்க நடையைக் கட்டினார்.